புத்தகத்தோடு வாணலி இலவசம்

முப்பத்தொரு வருடம் நான் பார்த்த வேலை இதுதான்: வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிற மனிதர்களை, அவர்களுக்குத் தேவையே இல்லாத ஏதோ ஒரு பொருளைக் காட்டி, ரெனோவில் இருக்கும் சில்வர் ஹெரான் கேசினோ என்ற சூதாட்டக் கூடத்துக்கு வரவழைப்பது. இதற்கு விளம்பரப் பிரிவு என்று ஒரு கௌரவமான பெயரும், கழுத்தில் தொங்கவிட ஒரு அடையாளப் பட்டையும் கொடுத்திருந்தார்கள். பட்டையில் ரோண்டா பெல், இயக்குநர் என்று எழுதியிருக்கும். நான் எதையும் இயக்கியதில்லை. வியாழக்கிழமைதோறும் இலவசம் கொடுத்தேன், அவ்வளவுதான்.

என்னவெல்லாம் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். மழையே எட்டிப் பார்க்காத இந்த ஊரில் இரண்டாயிரம் குடை கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு வரிசை காரை நிறுத்தும் இடத்தைத் தாண்டிப் போனது. ஒரு ஆள் முதல் தடவை மொட்டைத் தலையோடு வந்து ஒரு குடை வாங்கினார், பிறகு மனைவியின் விக்கை மாட்டிக்கொண்டு வந்து இன்னொன்று வாங்கினார். தெரிந்தும் கொடுத்தேன். அவ்வளவு சிரமப்பட்டு வந்தவரை எப்படி வெறுங்கையோடு அனுப்புவது? ஆப்பிள் சீவும் இயந்திரம், பூட்டு இல்லாத சாவிக்கொத்து, பேசும் எடைக்கருவி. இந்த எடைக்கருவி பெண்களிடம் உண்மையைச் சத்தமாகச் சொல்லித் தொலைத்ததால் ஒரே வாரத்தில் அத்தனையும் குப்பைக்குப் போயிற்று.

ஒரு தடவை ஆயிரத்து இருநூறு ஜோடி வீட்டுச் செருப்பு கொடுத்தோம். எட்டு நாள் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது: எல்லாப் பெட்டியிலும் இரண்டு செருப்புமே இடது கால் செருப்பு. ஆயிரத்து இருநூறு பேரில் ஒருவர்கூட வந்து சண்டை போடவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வார வெள்ளிக்கிழமை திருமதி வெர்னா பிங்காம் வந்தார்.

வெர்னா பிங்காமைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊதா நிறத் தொப்பி, மூக்கின் நுனியில் கண்ணாடி, நடையில் ஒரு நீதிபதியின் மிடுக்கு. எங்கள் கேசினோவில் வியாழன் கொடுக்கும் நாள் என்றால் வெள்ளி மாற்றும் நாள். பரிசில் ஏதாவது குறை இருந்தால் வெள்ளி பகல் பன்னிரண்டு மணிக்குள் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்று விதி. யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில் வைத்த விதி அது. அந்த விதியைப் படித்த ஒரே ஜீவன் இவர். குடை கொடுத்தால் நிறம் சரியில்லை. போர்வை கொடுத்தால் கால் வெளியே நிற்கிறது. கடிகாரம் கொடுத்தால் அது ரொம்பச் சத்தமாக ஓடுகிறது. பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"வேற இருக்கா?"

அந்தக் குரல் தூரத்தில் கேட்டாலே என் கீழே வேலை பார்த்த பெண்கள் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்வார்கள். நான் இயக்குநர் என்பதால் ஒளிய முடியாது. இடது கால் செருப்புகளோடு வந்த அன்றும் அவர் சத்தம் போடவில்லை. "உனக்கு ரெண்டும் இடது காலாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

என் மேலதிகாரி டெல்பர்ட் அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரோண்டா, ஆயிரத்து இருநூறு பேருல பெட்டியத் திறந்து பாத்தது அந்தம்மா ஒருத்தங்கதான்."

இப்படியே வயது அறுபத்தொன்று ஆயிற்று. பிரிவுபசார விழாவில் கேக் வெட்டினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மைக் கையில் வந்தால் எனக்கு ஏதோ ஆகிவிடும். "நான் எழுத்தாளராகப் போகிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் பேச்சை நிறுத்தினால் கைதட்ட வேண்டும் என்று அவர்களைப் பழக்கியதே நான்தான், அதனால் அதை நம்ப முடியாது.

ஆனால் எழுதினேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து ஏழு மாதம் எழுதினேன், எழுதும்போதே தனியாகச் சிரித்துச் சிரித்துக் காபியைச் சிந்தினேன். 'குடை வாங்க வந்தவர்கள்' என்று பெயர் வைத்தேன். நூற்று எண்பது பக்கம். விக் ஆள் வருகிறார், எடைக்கருவி வருகிறது. ஏழாவது அத்தியாயம் முழுக்க, பெயரை மாற்றி, தொப்பியைப் பச்சையாக்கி, வெர்னா பிங்காம் வருகிறார். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி வைத்தேன். கேசினோ தரைவிரிப்பு என்பது ஒரு தனி விஷயம். கீழே பார்த்தால் கண் கூச வேண்டும், கூசினால் தலை தானாக நிமிர்ந்து சூதாட்ட இயந்திரத்தைப் பார்க்கும் என்று திட்டம் போட்டே நெய்வது. முப்பத்தொரு வருடம் அதன்மேல் நடந்த எனக்கு அதில் என்ன படம் இருந்தது என்று நினைவில்லை. போன வருடம் அதை மாற்றியும் விட்டார்கள். அதனால் இப்படி முடித்திருந்தேன்: "இதுவரை படித்தவர் யாராவது இருந்தால், அந்தப் பழைய தரைவிரிப்பில் என்ன இருந்தது என்று தயவுசெய்து என்னிடம் சொல்லுங்கள்."

புத்தகம் வெளிவந்து ஆறு வாரம் ஓடியது. யாரும் சொல்லவில்லை.

பதினொரு பிரதி போயிருந்தது. அதில் நான்கு என் தங்கை வாங்கியது. "அட்டை ரொம்ப அழகா இருக்குக்கா" என்றாள். எனக்கு முடி வெட்டும் பெண் "எழுத்து நல்லாப் பெரிசா இருக்கு" என்றாள். சித்தப்பா மகன் "படிச்சேன், படிச்சேன், பிரமாதம்" என்றான். எது பிடித்தது என்று கேட்டேன். "நடுவுல வருமே, அது" என்றான். எனக்கு அழுகையாக வந்தது, சிரிப்பாகவும் வந்தது. இத்தனை வருடம் ஊரையே வரிசையில் நிற்க வைத்தவள் நான். ஒரே ஒரு ஆளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து நூற்று எண்பது பக்கம் படிக்க வைக்க என்னால் முடியவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் டெல்பர்ட் போன் செய்தார்.

"ரோண்டா, திரும்பி வந்துரு. நன்றி கூறும் நாள் வருது, விருந்துக்கு இலவசமாக் குடுக்க மூவாயிரம் வான்கோழி வந்து இறங்கப் போகுது, இங்க ஒருத்தனுக்கும் வரிசை போடத் தெரியல."

"நான் எழுத்தாளர், டெல்."

"யார் சொன்னா?"

"நான்தான் சொன்னேன். மைக்குல சொன்னேனே."

"இந்த ஊர்ல யாரு படிக்கிறா? பின்பக்கம் கூப்பன் இருந்தாத்தான் திருப்பியே பாப்பாங்க. பிலாக்ஸியிலேர்ந்து ஒருத்தன் வேலைக்கு வரேன்கிறான். வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள அவனுக்குப் பதில் சொல்லணும். நீ வரேன்னா அவனை வேண்டாம்னுடறேன்."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். பந்தயம் கட்டினேன். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள், எனக்கு உறவும் நட்பும் இல்லாத ஒரே ஒரு ஆள், கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டால் டெல்பர்ட் என்னை நிரந்தரமாக விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் நான் கழுத்தில் பட்டையை மாட்டிக்கொண்டு வான்கோழிகளிடம் போய்விட வேண்டும். தோற்றால் எழுத்தும் முடிந்தது, இனி பேனாவைத் தொடக் கூடாது என்று நானே எனக்குள் சேர்த்துக்கொண்டேன். யாரும் படிக்காததை எழுதிக்கொண்டிருக்க எனக்கு மனம் இல்லை.

"கட்டினேன்" என்றார் டெல்பர்ட். அந்த ஆள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

புத்தகக் கடைக்காரர் லின்டனிடம் ஓடினேன். பைன் தெருவில் சின்னக் கடை. மனிதர் பூப்போலப் பேசுவார், புத்தகத்தைத் தொடும்போது கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

"வியாழக்கிழமை ஒரு வாசிப்பு வச்சுக்கலாங்க. நீங்க ஒரு அத்தியாயம் படிங்க, நான் தேநீர் போடறேன். ஆறு நாற்காலி போதும்."

ஆறா! என் உடம்பு அதைத் தாங்கவில்லை. ஆறு நாற்காலியைப் பார்த்து நான் பேசியதே இல்லை, ஆறு நாற்காலி என்பது எங்கள் கழிப்பறை வாசலில் போட்டிருப்பது. அந்த நிமிடத்தில் என் மூளை நின்றுபோய், முப்பத்தொரு வருடப் பழக்கம் தானாக எழுந்து வேலை செய்யத் தொடங்கியது. டெல்பர்ட்டுக்குப் போன் செய்தேன். ஏதோ ஒரு கோடையில் கொடுத்தது போக மிஞ்சிய இருநூறு வாணலி கிடங்கில் கிடந்தது எனக்குத் தெரியும்.

"எடுத்துட்டுப் போ, எடுத்துட்டுப் போ, வான்கோழிக்கு இடம் வேணும்" என்றார்.

லின்டன் வெளிறிப்போனார். "வாணலியா? எதுக்குங்க?"

"கூட்டம் வர்றதுக்கு."

"புத்தகம் இருக்கே?"

"புத்தகத்துக்கு யாருங்க வருவா?" என்று நானே கேட்டேன். என் வாயால் கேட்டேன். கேட்டது என்னவென்று அப்போது உறைக்கவில்லை.

விளம்பரத் தாளும் நானே எழுதினேன். மேலே, அரைப் பக்கத்துக்கு, 'இலவச வாணலி'. கீழே, எறும்பு அளவில், 'ஒரு புத்தகமும் தரப்படும், எழுத்தாளர் வாசிப்பார், நிபந்தனைகளுக்கு உட்பட்டது'. ஆமாம், அப்படித்தான் எழுதினேன். உண்மையான சங்கதியை எறும்பு எழுத்தில் போட்டே பழகிய கை, வேறு எப்படி எழுதும்? இரண்டு தாளைச் சில்வர் ஹெரானின் காலை உணவுக் கூடத்தில் காபி ஊற்றும் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் வாய்க்கு ஒன்றே போதும், இரண்டாவது வீண்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நிகழ்ச்சி. எட்டரைக்கே பைன் தெரு முனைவரை ஆள். மடக்கு நாற்காலி, நொறுக்குத் தீனி, பிளாஸ்க், சீட்டுக்கட்டு, எல்லாம் என் பழைய ஆட்கள். அவர்களைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கைகாட்டினேன், கட்டிப்பிடித்தேன், "ரோண்டா வந்துட்டா!" என்று அவர்கள் கத்த நான் மைக்கைப் பிடித்தேன். விக் ஆள்கூட வந்திருந்தார், இந்தத் தடவை சொந்த மொட்டையோடு. லின்டன் கல்லாவுக்குப் பின்னால் தேநீர்ப் பானையை அணைத்துக்கொண்டு நின்றார்.

முதல் அத்தியாயத்தைப் படித்தேன். நான் நிறுத்திய இடத்திலெல்லாம் கைதட்டினார்கள். ஒரு இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினேன், அதற்கும் தட்டினார்கள். முடித்துவிட்டு "கேள்விகள் இருக்கிறதா?" என்றேன். பத்துக் கை எழுந்தது.

"இது ஒட்டாத வாணலியா?" என்றார் முதல் ஆள்.

"மூடி தனியா தருவீங்களா?" என்றார் அடுத்தவர்.

"முட்டைக்கு ஆகுமா, இல்ல கறிக்கா?"

நாற்பது நிமிடத்தில் இருநூறு வாணலியும், விற்காமல் கிடந்த இருநூறு புத்தகமும் தீர்ந்தன. கடைசியாக வந்தவர் வெர்னா பிங்காம். பெட்டியை அங்கேயே திறந்தார். வாணலியை விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார், மோந்து பார்த்தார். பிறகு புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கினார்.

"இது என்னம்மா?"

"புத்தகம், மிஸஸ் பிங்காம்."

"கண்ணு தெரியுது எனக்கு. எதுக்கு?"

"படிக்க."

கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். இடது கால் செருப்புகளைப் பார்த்த அதே பார்வை. பிறகு இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று மதியம் நான் பறந்துகொண்டிருந்தேன். இருநூறு புத்தகம்! இருநூறு வீட்டில் நான்! லின்டனைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன், மனிதர் தேநீரைக் கொட்டிவிட்டார். பிறகு காரை எடுக்கத் தெருமுனைக்குப் போனேன். குப்பைத் தொட்டியில் என் அட்டை தெரிந்தது. ஒன்று அல்ல, ஏழு. பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் வரிசையாக ஆறு. ஒரு பெண்மணி கார்க் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த தெருவில் பழைய சாமான் கடை. உள்ளே போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

"பன்னெண்டு மணியிலேர்ந்து இதேதாங்க வருது" என்றாள் அங்கிருந்த பெண், என்னைத் தெரியாமல். "ஆளாளுக்குக் கொண்டு வந்து போடறாங்க. நூத்துப் பத்துக்கு மேல ஆயிடுச்சு. நல்லா இல்லையோ என்னமோ."

"ஒண்ணு படிச்சுப் பாத்தீங்களா?"

"எனக்கு ஏதுங்க நேரம்? வேணும்னா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க, இடத்தை அடைக்குது."

எடுத்துக்கொண்டேன். டிக்கி நிறைய என்னையே அள்ளிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வழியில் சிவப்பு விளக்கில் நின்றபோது விக்கி விக்கி அழுதேன், அப்புறம் 'மூடி தனியா தருவீங்களா' நினைவு வந்து அழுகைக்கு நடுவிலேயே சிரித்தேன். பக்கத்துக் காரில் இருந்த ஆள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தப்பு அவர்களுடையது அல்ல. வாணலி வேண்டுமா என்று கேட்டேன், வேண்டும் என்றார்கள். என்னைப் படிக்கிறீர்களா என்று நான் யாரையும் கேட்கவே இல்லை. அதைக் கேட்கப் பயந்துதான் இருநூறு வாணலியைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறேன்.

மறுநாள் வெள்ளி. பதினொன்றரைக்கு டெல்பர்ட் லின்டனின் கடைக்கே வந்துவிட்டார். ஒரு கையில் ஒரு பெட்டி டோனட், இன்னொரு கையில் என் பழைய கழுத்துப்பட்டை. புதிதாகக் கயிறு கோத்துக் கொண்டுவந்திருந்தார்.

"யாராவது வந்தாங்களா?"

"இன்னும் அரைமணி இருக்கு."

"ஒரு டோனட் சாப்பிடு. வான்கோழி உனக்காகக் காத்துட்டிருக்கு."

"உங்க வான்கோழி செத்துப்போனது, டெல். அது எத்தனை நாள் வேணா காத்திருக்கும்."

லின்டன் வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்துகொண்டே இருந்தார். பாவம், அவருக்கு இந்தப் பந்தயத்தில் ஒன்றும் இல்லை, ஆனாலும் நெற்றியில் வியர்வை. ஒரு ஆள் உள்ளே வந்தார். மூவரும் எழுந்து நின்றோம். அவர் வரைபடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டு அடித்தது. டெல்பர்ட் பட்டையை நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

"அஞ்சு நிமிஷம்" என்றேன்.

எங்கள் கேசினோவின் பரிசுக் குலுக்கலில் அது உண்டு. உருளையைச் சுற்றிச் சீட்டை எடுத்துப் பெயரைக் கூப்பிட்டால், அந்த ஆள் எங்கே இருந்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் மேடைக்கு வர வேண்டும். வராவிட்டால் வேறு சீட்டு. இருபது வருடம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கூப்பிட்ட கூப்பிடல் அது. டெல்பர்ட்டால் மறுக்க முடியவில்லை. மனிதருக்கு ஆசையும் வந்துவிட்டது. கையை வாய்க்கு முன்னால் மைக் போலக் குவித்து, தெருவே அதிரக் கூவினார்.

"ரோண்டா பெல்லின் வாசகர்! ரோண்டா பெல்லின் வாசகர்! ஐந்து நிமிடத்திற்குள் மேடைக்கு வரவும்!"

எதிர்க்கடையில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

முதல் நிமிடம். நான் இருமினேன். இரண்டாம் நிமிடம். "விதிமுறைகளை ஒரு தடவை படிக்கணும் இல்லையா?" என்றேன். யாராவது தள்ளாடிக்கொண்டு வருவது தெரிந்தால் விதிமுறைகளை இரண்டு தடவை படித்து ஐந்து நிமிடத்தை எட்டாக்குவேன், அது என் வித்தை.

"அந்த வித்தையெல்லாம் எங்கிட்டயா?" என்றார் டெல்பர்ட். "கத்துக்குடுத்ததே நான்."

மூன்றாம் நிமிடம் எப்படிப் போனதென்று தெரியவில்லை. நான்காம் நிமிடத்தில் ஒரு பழைய பச்சைக் கார் வந்து, இரண்டு கார் நிறுத்தும் இடத்தில் குறுக்காக, ஒரு சக்கரம் நடைபாதைமேல் ஏறி நின்றது. ஊதாத் தொப்பி இறங்கியது. கையில் வாணலிப் பெட்டி.

வெள்ளிக்கிழமை! மாற்றும் நாள்! எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச உயிரும் போயிற்று. எழுத்தாளராக என் கடைசி நிமிடம், அதிலும் புகார்.

வெர்னா பிங்காம் உள்ளே வந்து பெட்டியை மேசைமேல் வைத்தார். "மணி பன்னெண்டு ஆயிடுச்சுன்னு சொல்லாதே. இந்தத் தெருவுல காரை நிறுத்த முடியல."

"சொல்லலீங்க, மிஸஸ் பிங்காம். வாணலியில என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல. இதே வாணலி எங்கிட்ட இருக்கு, பதிமூணு வருஷத்துக்கு முன்னால நீ குடுத்ததுதான். ஒருத்திக்கு எத்தனை வாணலி வேணும்?" தொண்டை கட்டியிருந்தது அவருக்கு. குரல் கரகரவென்று வந்தது. பைக்குள் கையை விட்டு என் புத்தகத்தை எடுத்தார். அதிலிருந்து சின்னச் சின்னத் துண்டுத் தாள்கள் நீட்டிக்கொண்டிருந்தன. "இப்ப இதுக்கு வருவோம். நாப்பத்தி நாலாம் பக்கம். போர்வை கொடுத்த வருஷத்தைத் தப்பாப் போட்டிருக்கே. நான் அந்தப் போர்வைக்குக் கீழதான் தூங்கறேன், எனக்குத் தெரியாதா?"

டெல்பர்ட் டோனட்டைக் கீழே வைத்தார்.

"அப்புறம் ஏழாவது அத்தியாயம்." வெர்னா ஒரு துண்டுத் தாளை விரலால் தட்டினார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக மேசைக்கு அடியில் போய்விடலாமா என்று தோன்றியது. "அந்தப் பச்சைத் தொப்பிக்காரி வர்றாளே. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு அவள. அவ கேக்கற ஒவ்வொண்ணும் நியாயம். யாரும்மா அது?"

"அது... கற்பனை" என்றேன்.

"இருக்கட்டும். இன்னும் நாலு இடத்துல வரவிட்டிருக்கலாம்." கடைசித் துண்டுத் தாளுக்கு வந்தார். "கடைசிப் பக்கத்துல என்னமோ கேள்வி கேட்டு வச்சிருக்கே. தரைவிரிப்புல என்ன இருந்துச்சுன்னு. அத்தனை வருஷம் அங்க நடந்துட்டு உனக்குத் தெரியாதா? மீன். பச்சை மீன். கழிப்பறைக்குப் போற வழியில ஒரு மீனுக்கு மட்டும் கண்ணு வைக்காம விட்டுட்டாங்க."

டெல்பர்ட் மெல்ல வாயைத் திறந்தார்.

"மீனா? அதை வாங்கினதே நான்தான். இலைன்னுல்ல நினைச்சேன்!"

"நீங்க யாரு?" என்றார் வெர்னா.

டெல்பர்ட் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பட்டையை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்துக்கொண்டு பிலாக்ஸிக்காரனிடம் பேச வெளியே போனார். போகும்போது என் தோளை ஒரு தட்டுத் தட்டினார்.

சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் பழக்கம்தான் மறுபடி வாயைத் திறந்தது.

"அப்ப வாணலிக்குப் பதிலா என்ன வேணும், மிஸஸ் பிங்காம்? புத்தகத்தையும் மாத்திக்கணுமா?"

அவர் புத்தகத்தை வெடுக்கென்று இழுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"இதை எதுக்கு மாத்தணும்? வின்னமக்காவுல எந்தங்கச்சி லர்லீன் இருக்கா. நேத்து அவளுக்குப் போன்ல ஒரு பக்கம் படிச்சுக் காட்டினேன், அது என் தப்பு. முழுசும் படிச்சாத்தான் ஆச்சுன்னு உக்காந்துட்டா. தொண்டை போச்சு எனக்கு. இப்ப முதல்லேர்ந்து மறுபடி படிங்கறா." வாணலிப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "இதை வச்சுக்கோ. இதே புத்தகம் இன்னொண்ணு இருக்கா?"

இதே. இன்னொன்று. அந்த வாயிலிருந்து! குடைக்கும் போர்வைக்கும் கடிகாரத்துக்கும் வராத வார்த்தை. நான் ஓடினேன். அறுபத்தொரு வயதில் பைன் தெருவில் ஓடினேன், டெல்பர்ட்டை இடித்துத் தள்ளிவிட்டு, டிக்கியைத் திறந்து கைக்கு வந்த முதல் பிரதியைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடிவந்து, மூச்சிரைக்க அவர் முன்னால் நீட்டினேன்.

வெர்னா பிங்காம் கண்ணாடியை மூக்கில் சரியாக வைத்துக்கொண்டார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். முதுகை விரலால் தடவினார். பழைய சாமான் கடையில் யாரோ அதன்மேல் காபிக் கோப்பையை வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

"இதுல கறை இருக்கேம்மா" என்றார். "வேற இருக்கா?"